ஆயுசுப் பேரம்

நாகமலை புதுக்கோட்டையில், பேராசிரியர்கள் வீடு கட்டி ஓய்வு பெறும் ஒரு தெருவில், மாடி வீடு ஒன்றில் 'மக்கள் நலத் தொழில்நுட்ப மதிப்பீட்டு மையம்' இயங்கிவந்தது. வீட்டைவிடப் பெயர்ப் பலகை பெரிது. காற்றடித்தால் பலகையோடு சேர்ந்து தன் வீடும் போய்விடுமோ என்று வீட்டுக்காரர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஆண்டு 2003.

மையத்தின் வேலை எளிமையானது, நல்லதும்கூட. எழுமலை வட்டாரத்தில் ஏழை பணக்காரர் பார்க்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு சிகிச்சை அட்டை கொடுக்க வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று முன்வந்திருந்தது. அட்டையைக் காட்டினால் குறிப்பிட்ட சில சிகிச்சைகள் இலவசம். எல்லாச் சிகிச்சையையும் கொடுக்க அறக்கட்டளைக்குக் கட்டுபடியாகாது. ஆகவே எதைக் கொடுத்தால் ஜனங்களுக்கு அதிகப் பயன், எதைக் கொடுத்தால் வெறும் படாடோபம் என்று ஆராய்ந்து பிரித்துச் சொல்ல வேண்டும். பிரசவம், பாம்புக்கடி, சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை என்று சண்டையில்லாமல் எல்லாம் முடிவாகிவிட்டது. ஒரே ஓர் இடம் பாக்கி. அதற்கு இரண்டு போட்டியாளர்கள். ஒன்று குடலிறக்கம் எனப்படும் ஹெர்னியாவுக்கான அறுவைச் சிகிச்சை. இன்னொன்று நடமாடும் முழு உடல் பரிசோதனை வண்டி.

மையத்தின் இயக்குநர் முனைவர் பிச்சுமணிக்கு வண்டியின் மேல்தான் காதல். ஏர்கண்டிஷன் செய்த நீளமான பஸ். உள்ளே படுத்தால் தலை முதல் கால் வரை படம் பிடித்து, என்னென்ன வியாதி இருக்கிறது என்று சொல்லிவிடும். தீர்க்காது. சொல்லும். அந்த வண்டியின் முன்னால் தான் நின்றுகொண்டிருக்கும் ஒரு புகைப்படம் பிச்சுமணியின் மனத்தில் ஏற்கெனவே எடுக்கப்பட்டு, சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது.

குடலிறக்கத்தில் அப்படி நின்று படம் எடுக்க ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, உசிலம்பட்டிப் பக்கத்து சர்ஜன் ஒருவர் விலை கூடிய வெளிநாட்டு வலைக்குப் பதிலாக, கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி, கிழிந்த தசையின் மேல் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பலன் இரண்டிலும் ஒன்றுதான். விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

"ஏம்மா, ஒரு சர்வதேச அறிக்கையில கொசுவலைன்னு எழுத முடியுமா?" என்று பிச்சுமணி கேட்டார்.

"பலன் சரியா இருந்தா எழுதலாம் சார்," என்றாள் வசுந்தரா. மையத்தின் பொருளாதார ஆய்வாளர் அவள்தான். விளக்குத்தூண் பக்கம் சேலைக்கடை வைத்திருக்கும் ஹரிராமின் மகள். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ், அலுவலகத்தில் இயக்குநரின் ஆங்கிலம் என்று மூன்றையும் சமாளித்துக்கொண்டிருந்தாள். அறிக்கையில் அவள் கையெழுத்தும் இருந்தால்தான் அறக்கட்டளை ஏற்கும்.

"பலன் இருக்கட்டும். கம்பீரம்னு ஒண்ணு வேண்டாமா?" என்றார் பிச்சுமணி.

கம்பீரத்துக்கு மதிப்பெண் போட முறை கிடையாது. அவதிக்கு இருந்தது. மேலைநாட்டு அறிஞர்கள் அதற்கென்றே ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். "இந்த வியாதியோடு நீங்கள் பத்து வருஷம் வாழ்வீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வியாதியை அடியோடு நீக்கிவிட்டால், பதிலுக்கு உங்கள் ஆயுளில் எவ்வளவு காலத்தை விட்டுக்கொடுப்பீர்கள்?" நிறைய விட்டுக்கொடுப்பவர் நிறைய அவதிப்படுகிறார் என்று பொருள். அவதி பெரிதென்றால் அதைத் தீர்க்கும் சிகிச்சைக்கு மதிப்புப் பெரிது.

இந்தக் கேள்வியை எழுமலைக்குக் கொண்டுபோன பெருமை கள ஆய்வாளன் அஸ்வத்தைச் சேரும். பதில் சொல்பவர் மேல் எந்தச் செல்வாக்கும் செலுத்தக் கூடாது என்று அவனுக்குச் சென்னையில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இயல்பிலேயே யார் மேலும் எந்தச் செல்வாக்கும் இல்லாதவன் ஆதலால் எளிதில் தேறியிருந்தான்.

அவன் கேட்ட முதல் ஆள் காளை. எழுமலை கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறவர். பெயருக்கேற்ற உடம்பு. ஆனால் கொஞ்ச காலமாக அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போகும், மூட்டையைத் தொட்டால் வெளியே வரும். வேட்டிக்குள் துண்டை இறுக்கிக் கட்டிப் பார்த்தார். பருத்தி மூட்டையிலிருந்து மல்லி மூட்டைக்கு இறங்கிப் பார்த்தார். இப்போது முதலாளி அவரைச் சாக்கு மடிக்கிற வேலையில் உட்காரவைத்திருந்தார். கூலி பாதி, கேலி இரண்டு மடங்கு. மறுபடி மூட்டை தூக்க வேண்டுமானால் ஆபரேஷன் வேண்டும். ஆபரேஷனுக்கு அட்டை வேண்டும்.

"ஆயுசுல எவ்வளவு விட்டுக்கொடுப்பீங்க?" என்றான் அஸ்வத்.

"யாருக்கு?"

"யாருக்கும் இல்லங்க. சும்மா ஒரு கற்பனைக்கு."

காளை சிரித்துக்கொண்டார். சந்தையில் மாடு பிடிக்க வருகிறவனும் 'சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்' என்றுதான் ஆரம்பிப்பான்.

"நீங்க சொல்லுங்க தம்பி. எம்புட்டு எதிர்பாக்குறீங்க?"

"நான் சொல்லக் கூடாதுங்க. நீங்கதான் சொல்லணும்."

பயல் விவரமானவன் என்று காளை முடிவு செய்தார். வாயைக் கொடுக்காமல் எதிராளியை முதலில் பேசவிடுகிறான்.

"சரி, ஒரு வாரம் எடுத்துக்கங்க."

அஸ்வத் எழுதிக்கொண்டான். "ரொம்ப நன்றிங்க," என்று எழுந்தான்.

காளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தம்பி, அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதாங்க."

"கூட ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கக் கூடாதுங்க," என்று சொல்லிவிட்டு அஸ்வத் அடுத்த வீட்டுக்குப் போனான்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் காளை வெற்றி வீரர். "மாப்ள, ஆபரேசனை ஒரு வாரத்துக்கு முடிச்சிட்டேன்டா," என்றார் முத்துக்கருப்பனிடம். அவரும் சக சுமைகாரர், அவருக்கும் அதே புடைப்பு.

"ஒரு வாரமா? ஏமாந்துட்டியே மாமா! அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தாலே தெரியலயா? நான் எம்புட்டுக்கு முடிக்கிறேன்னு பாரு."

முத்துக்கருப்பன் மூன்று நாளுக்கு முடித்தார். அதைக் கேட்டு வைராக்கியம் கொண்ட கருத்தக்கண்ணன் ஒரே நாளுக்கு முடித்தார். கடைசியில் வந்த ஒருவர், "ஒரு ராத்திரி தாரேன். அதுவும் நான் தூங்குற ராத்திரியாப் பாத்து எடுத்துக்கங்க," என்றார். ஊரெல்லாம் மையத்தைப் பற்றி ஒரே இரக்கம். வெளிநாட்டுக்காரர்கள் இப்படியா வியாபாரம் செய்வார்கள், எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஆயுளை எப்படி எடுப்பார்கள் என்பதுதான் யாருக்கும் தெளிவாக விளங்கவில்லை. அதற்கும் ஒரு டிபார்ட்மெண்ட் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

முடிவுகளைப் படித்த பிச்சுமணி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். எழுமலை வட்டார ஆண்கள் குடலிறக்கத்தை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. பேன் கடியைவிடச் சற்றுக் கூடுதலான தொந்தரவு, அவ்வளவுதான்.

"கேட்டியாம்மா? இதுதான் ஜனங்களோட குரல். ஜனங்களே வேண்டாம்னுட்டா. நாம யாரு குறுக்க நிக்கறதுக்கு? வண்டிக்கு எழுதிடலாம். வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும். கையெழுத்துப் போடு."

"ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்து போடுறேன் சார்," என்றாள் வசுந்தரா.

மறுநாளே பஸ் பிடித்துப் போனாள். கமிஷன் கடை வாசலில் காளை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். மையத்திலிருந்து வந்திருப்பதாக வசுந்தரா சொன்னாள்.

"வாங்கம்மா. ஆபரேசன் என்னைக்கு?"

"வலி எப்படிண்ணே இருக்கு?"

"உசிரு போகுதும்மா. நேத்து இருமுனதுக்கே சரிஞ்சு உக்காந்துட்டேன்."

"பின்ன ஏன் ஒரு வாரம்னு சொன்னீங்க?"

காளை அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறதே. "எடுத்த எடுப்புல யாரும்மா உள்ளதைச் சொல்லுவாக? அந்தத் தம்பி கூட்டிக் கேக்கும், நான் கொஞ்சம் ஏறலாம்னு பாத்தேன். அது பாட்டுக்கு நன்றின்னு எந்திரிச்சிருச்சு. எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு. சின்னப் பிள்ளை, நட்டப்பட்டுப் போகுதேன்னு."

வசுந்தராவுக்கு அவள் அப்பாவின் கடை கண் முன்னால் வந்தது. எந்தப் பெண்ணும் சேலைக்குச் சொன்ன விலையில் பாதியைக் கேட்பாள். அப்பா நெஞ்சில் அடிவாங்கியவர் போலச் சிரிப்பார். ஆனாலும் இன்னொரு சேலையை விரிப்பார். வந்தவள் எழுந்து படி இறங்குவாள். அப்பா கூப்பிடுவார். முதலில் கேட்ட விலைக்கே அப்பா சரி சொல்லிவிட்டால், சேலையில் எங்கே ஓட்டை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். எழுமலையிலிருந்து அறிக்கைக்கு வந்து சேர்ந்தது ஜனங்களின் குரலில்லை. பேரத்தின் முதல் வரி.

இது வெறும் கேள்வி, பேரமில்லை என்று காளையிடம் சொல்ல முடியாது. சொன்னால் ஆய்வு கெட்டுவிடும். சொல்லாவிட்டால் ஆள் கெட்டுவிடுவார்.

பிச்சுமணியிடம் சொன்னாள். அவர் புண்பட்டுப்போனார்.

"இது உலகம் பூரா ஒத்துண்ட முறைம்மா. ஆயுளைப் போய் யாராவது கத்திரிக்கா மாதிரி பேரம் பேசுவாளா?"

"நாமதான சார் பேரத்தை ஆரம்பிச்சோம். விட்டுக்கொடுப்பியான்னு கேட்டா அது பேரம்தான். அந்த முறையிலேயும் ஒரே கேள்வியோட நிறுத்தச் சொல்லலையே. கூட்டியும் குறைச்சும் மாத்தி மாத்திக் கேட்கணும்னுதான் இருக்கு. நேரமாகுதுன்னு நீங்கதான் அதை எடுத்துட்டீங்க."

"சுருக்கினேன். எடுக்கலை," என்றார் பிச்சுமணி.

"சரி சார். நீங்களே வந்து அந்தக் காளையைக் கேளுங்க. பதில் மாறலேன்னா அங்கேயே கையெழுத்துப் போட்டுடுறேன்."

பிச்சுமணி சம்மதித்தார். வசுந்தரா அதோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் இயக்குநரின் மனைவி பட்டு மாமியைப் பார்த்து, எழுமலையில் நாளைக்குச் சந்தை, மொச்சை அருமையாக இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். வாழ்நாளில் பிச்சுமணி எந்தக் கடையிலும் பேரம் பேசியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பேசாமலிருக்க அவருக்கு வசதி செய்து கொடுத்தவர் பட்டு மாமி. அவர் குடியிருந்த தெருவுக்குள் நுழையும்முன் தள்ளுவண்டிக்காரர்கள் ஒரு டீ குடித்துத் தெம்பேற்றிக்கொள்வார்கள்.

மறுநாள் காளை வீட்டு வாசலில் ஜீப் நின்றது. வேப்பமரத்தடியில் பிச்சுமணிக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். காளையின் மனைவி ஒச்சம்மா எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார். மொச்சைப் பையோடு பட்டு மாமி ஓரமாக உட்கார்ந்தார். அஸ்வத் எழுதத் தயாரானான். பிச்சுமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு மாநாட்டைத் தொடங்கிவைக்கும் குரலில் கேள்வியைக் கேட்டார்.

"அதான் ஏற்கெனவே சொன்னேங்களே. ஒரு வாரம்," என்றார் காளை.

பிச்சுமணி வசுந்தராவை வெற்றியோடு பார்த்தார். "மாறலை. எழுதிக்கோ அஸ்வத்."

"ஒரு வாரமா?" என்று ஒரு குரல் கேட்டது. பட்டு மாமி. "எதுக்கு ஒரு வாரம்?"

வசுந்தரா விளக்கினாள். ஆபரேஷனுக்குப் பதிலாக ஆயுளில் ஒரு வாரம்.

"ஆபரேஷன், மருந்து, படுக்கை, சாப்பாடு, அப்புறம் தையல் பிரிக்கறது. எல்லாம் சேர்த்து ஒரு வாரமா? நன்னாருக்கே!"

"பட்டு, நீ பேசப்படாது. இது ஆராய்ச்சி," என்றார் பிச்சுமணி.

"ஆராய்ச்சின்னா ஏமாந்து போகணுமா? ஏம்ப்பா, பாத்தா நியாயஸ்தனாட்டம் இருக்கே. சரியாச் சொல்லு."

காளையின் முதுகு நிமிர்ந்தது. கடைசியில் பேசத் தெரிந்த ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"அஞ்சு வருஷம்."

"யாத்தே! அஞ்சா? இந்த எலுமிச்சங்காத் தண்டிப் புடைப்புக்கா? பத்து நாள் வச்சுக்கங்க."

"பத்து நாளுக்கு மூக்கடைப்புகூடப் போகாது. நாலரை."

"ஒரு மாசம். ஏழைபாழைம்மா, பாத்துச் செய்யுங்க."

"ஏன்னா, எழுந்திருங்கோ. இவா குடுக்கற மாதிரி தெரியலை." பட்டு மாமி மொச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். அந்த நடையை வசுந்தரா கடையில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. காது மட்டும் பின்னால் இருக்கும்.

பிச்சுமணி என்ன செய்வதென்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார். அதுவே தோதாகப் போயிற்று.

"ஆறு மாசம்!" என்றார் காளை.

பட்டு மாமி நடந்தார்.

"யம்மா, நில்லுங்கம்மா! ஒரு வருசம்!"

ஜீப்பின் கதவு திறந்தது.

"ரெண்டு வருசம்னு சொல்லுய்யா!" ஒச்சம்மா குரல் உடைந்து கத்தினார். "அந்தம்மா போயிட்டா யாரு வருவாக? வெறும் சாக்குல உக்காந்து ஊரான் கேலியக் கேட்டுட்டு வந்து, சோத்தைத் தொடாமப் படுக்குற. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், தூங்குறேன்னு நெனச்சியா?"

காளை இடுப்பிலிருந்த கையை எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "மூணு. அதுக்கு மேல என்னால ஆகாது. மகளைக் கட்டிக் குடுத்துப் பாக்கணும்."

பட்டு மாமி திரும்பி வந்தார். அவர் முகத்தில் பேரம் போயிருந்தது. "போறும்ப்பா. மூணே இருக்கட்டும். இதுக்கு மேல கேட்டா எனக்கு அடுக்காது."

"சார், எதை எழுத?" என்றான் அஸ்வத்.

பிச்சுமணி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். காளையைப் பார்த்தார், பட்டு மாமியைப் பார்த்தார். "மூணு," என்றார்.

திரும்பும் வழியில் உசிலம்பட்டி தாண்டியதும் பிச்சுமணி பேச ஆரம்பித்தார். செக்கானூரணி வரும்போது, எல்லாரையும் மறுபடி கேட்க வேண்டும், அறிக்கைக்கு அவகாசம் வாங்க வேண்டும் என்றார். நாகமலை கண்ணில் பட்டபோது, இந்தக் குறையை ஆரம்பத்திலேயே தான் உணர்ந்திருந்ததாகவும், வெளிப்படட்டும் என்று காத்திருந்ததாகவும் சொன்னார். வீட்டு வாசலில் இறங்கும்போது அந்த முறைக்கு 'படிநிலை இருவழிக் கருத்தறிதல்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. வசுந்தரா மறுக்கவில்லை. பெயரை அவர் வைத்துக்கொள்ளட்டும், ஆபரேஷனைக் காளை வைத்துக்கொள்ளட்டும்.

அஸ்வத்தை மறு பயிற்சிக்கு ஹரிராம் கடைக்கு அனுப்பினாள். முதல் நாள் சேலை கேட்ட பெண்மணியிடம் அவன் "நீங்க சொல்றதுதாங்க விலை" என்று சொல்லி, ஹரிராமுக்கு ரத்த அழுத்த மாத்திரையின் அவசியத்தை உணர்த்தினான். ஆனால் கற்றுக்கொண்டான். எழுமலைக்குத் திரும்பிப் போனபோது அவனுக்கு வருத்தமாகச் சிரிக்கத் தெரிந்திருந்தது. எழுந்து நடக்கவும் தெரிந்திருந்தது. அவன் முதலில் சொல்லும் காலத்தை ஒரு ஆளுக்கு மிக அதிகமாக, அடுத்த ஆளுக்கு மிகக் குறைவாக வைத்துக் கேட்கச் சொல்லியிருந்தாள் வசுந்தரா. எங்கிருந்து தொடங்கினாலும் குடலிறக்கக்காரர்கள் வந்து நின்ற இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு நாளுக்கு முடித்த கருத்தக்கண்ணன் இரண்டு வருஷத்துக்கு மேலேயே நின்றார். பரிசோதனை வண்டிக்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, "வியாதியச் சொல்லிட்டுப் போயிரும்னா நாங்கதான் காசு கேக்கணும்," என்றார்கள்.

கடைசி இடம் குடலிறக்கத்துக்குக் கிடைத்தது. 'உள்ளூரில் கிடைக்கும் நுண்துளை வலை' என்று அறிக்கையில் எழுதினார் பிச்சுமணி. கொசுவுக்கு அதில் இடமில்லை.

காளைக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் வசுந்தரா ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போனாள். அடுத்த கட்டிலில் முத்துக்கருப்பன் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒச்சம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"யம்மா, ஒண்ணு கேக்கணும்," என்று காளை குரலைத் தாழ்த்தினார். "அந்த மூணு வருசத்தை எந்தப் பக்கமிருந்து எடுப்பீக? கடைசியிலருந்துதான? நடுவுல எடுத்தா, மக கல்யாணம் வருது."

இனிமேல் சொன்னால் எந்த ஆய்வும் கெடாது. "யாரும் எதையும் எடுக்க மாட்டாங்கண்ணே. உங்க வலி எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுக்கக் கேட்ட கேள்வி அது. ஆபரேசன் இலவசம்தான்."

காளை தலையைத் தூக்கிப் பார்த்தார். "சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா குடுக்குறதுக்கா அந்தம்மா ஜீப்பு வரைக்கும் நடந்தாக?"

"நீங்க மூணுன்னு வாய் விட்டுச் சொன்னதாலதான் உங்க வலி எங்களுக்குத் தெரிஞ்சது. அதுக்கப்புறம்தான் எல்லாரையும் திரும்பக் கேட்டோம். இப்ப ஊருக்கே கிடைச்சிருக்கு."

காளை தலையைத் திருப்பி முத்துக்கருப்பனைப் பார்த்தார். "இதை அவன்கிட்டச் சொல்லிராதீகம்மா. ரெண்டரைக்கு முடிச்சேன், உனக்கு அரை வருசம் நட்டம்னு காலையிலருந்து ஒரே சந்தோசம் பயலுக்கு. தையல் ஆறட்டும்."

"அப்ப அந்த மூணு வருசம் நம்மகிட்டயேதான் இருக்கா?" என்றார் ஒச்சம்மா.

"இருக்கு."

"அது எனக்குச் சேரணும். நீ வாயடைச்சு நிக்கையில நான்தான பேசி ஏத்திவிட்டேன். அந்த மூணு வருசமும் குழாயடிக்கு நீதான் போகணும்."

காளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுக்க, தலையணையை எடுத்து வயிற்றோடு அமுக்கிக்கொண்டார். "வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"எத்தனை நாளைக்கு?"

"ஆறு மாசம்."

"என்கிட்ட ஒரு மாசம்னு சொன்னாரு."

"சரி, நாலு," என்றார் காளை.

ஒச்சம்மா ஆரஞ்சு ஒன்றை எடுத்து நிதானமாக உரிக்க ஆரம்பித்தார். காது மட்டும் காளையின் பக்கம் இருந்தது.